சேலையூர் மாடியில் வங்கக்கடல்

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மாடிப்படி குறுகல். ஓரத்தில் தண்ணீர் கேன்கள், தலைக்கு மேல் துணிக்கொடி. குனிந்து ஏறி வாருங்கள். சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த மொட்டைமாடி அறையில் இரண்டு நாடுகள் ஒரு கடலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நம்மை உள்ளே விட்டுவிட்டார்கள்! சத்தம் போடாமல் சுவரோரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

நாளைக் காலை வண்டலூர்ப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. மாணவர்கள் அதை 'மூட்' என்கிறார்கள். கற்பனையாக இரண்டு கடலோர நாடுகள், எதிரெதிர்க் கரை, நடுவே ஒரு குட்டித் தீவு. எல்லைக் கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றத்தின் முன்னால் நிற்பதுபோல் நின்று வாதாட வேண்டும். அணிக்கு மூன்று பேர். இரண்டு பேச்சாளர்கள், ஒரு ஆராய்ச்சியாளர். இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர். முதல் பேச்சாளன் பெருங்களத்தூர். இரண்டாவது பேச்சாளர் மேடவாக்கம். ஆராய்ச்சி செய்யும் பெண் குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்து தாம்பரம் ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். அவள் முட்டம். பயிற்சி கொடுக்கும் வழக்கறிஞர் மட்டும் 'மேடம்'. மாடியும் அவருடையதுதான்.

அறையைப் பாருங்களேன்! இரண்டு பழைய மேஜையை ஒட்டிப் போட்டு, அதன்மேல் கிராஃப் பேப்பர், அட்லஸ், செலோடேப், ஜியோமெட்ரி பாக்ஸ், தையல்நூல் கண்டு, பாதி கடித்த மசால் வடை. ஜன்னல் கம்பியில் மூன்று கறுப்புக் கோட்டுகள் வேர்வை காயத் தொங்குகின்றன. ஃபேன் சுற்றுகிறது. பேப்பர் பறந்துவிடும் என்று வேகத்தை ஒன்றில் வைத்திருப்பதால் காற்றுதான் யாருக்கும் வருவதில்லை. பேப்பரின் நான்கு மூலையிலும் நான்கு எவர்சில்வர் டம்ளர்கள் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. மேடத்தின் அம்மா, எல்லோருக்கும் பாட்டி, சுக்குக் காபியோடு வந்து, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நிறைந்த டம்ளரை அதே மூலையில் வைத்துவிட்டுப் போகிறார். என்ன பேப்பர் என்று கேட்பதில்லை. ஆனால் ஒரு துளி சிந்தியதில்லை.

மேடத்திடம் ஒரு சட்டம் உண்டு. கற்பனை நாட்டைத் தொடுவதற்கு முன்னால் நம் ஊர்க் கோட்டைக் கையால் போட்டுக் காட்ட வேண்டும். அதனால் பெருங்களத்தூர் இப்போது பாக் நீரிணையை வரைந்துகொண்டிருக்கிறான். 1974 ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் டெல்லியிலும் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். அதில் எல்லை என்பது ஆறே ஆறு புள்ளி! ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அந்த ஆறையும் வரிசையாக இணைத்தால் கோடு. முட்டம் எண்களை வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறாள். "ஒண்ணு: பத்து டிகிரி அஞ்சு நிமிஷம் வடக்கு, எண்பது டிகிரி மூணு நிமிஷம் கிழக்கு. ரெண்டு: ஒன்பது அம்பத்தேழு, எழுபத்தொன்பது முப்பத்தஞ்சு..." அவன் பென்சிலால் குத்திக்கொண்டே வருகிறான். 2 கடல் மைலுக்கு 1 சென்டிமீட்டர். இந்தியாவும் இலங்கையும் பேசிப் பேசித் தீர்த்த நீரிணை ஒரு முழ நீளப் பேப்பரில் அடங்கிவிடுகிறது.

"டேய், தீர்க்கரேகை நிமிஷம் கொஞ்சம் சின்னதுடா. அட்சரேகை அளவையே போடாதே," என்று மேடவாக்கம் எட்டிப் பார்த்துக் கத்துகிறாள். ரப்பர். மறுபடி பென்சில். பேப்பரில் அந்த இடம் மட்டும் கறுத்துப்போகிறது.

நான்காவது புள்ளி விழும்போது எல்லோரும் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டோம், நானும்தான். மூன்றாம் புள்ளியிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து வரும் கோடு, கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளி இறங்குகிறது. இந்தப் பேப்பரில் அது அரை சென்டிமீட்டர். தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கைப் பக்கம். ஐம்பது வருடமாகச் சட்டமன்றத்திலும் மேடையிலும் டீக்கடையிலும் பேசிய விஷயம் அந்த அரை சென்டிமீட்டரில் இருக்கிறது. சுமார் 285 ஏக்கர்தான் தீவு. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் ஜனம் போகும் தீவு. யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு பெருங்களத்தூர், "ஸ்கேல் மாத்திப் பெரிசாப் போடலாமா மேடம்?" என்றான்.

"எவ்வளவு பெரிசாப் போட்டாலும் அது அந்தப் பக்கம்தான்டா. அடுத்த புள்ளியைப் போடு."

இங்கே கொஞ்சம் அளவு சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு அரங்கத்தில் ரசிக்க முடியாது. கரையில் வற்றுநீர் விலகி நிற்கும் கோடுதான் தொடக்கம். அங்கிருந்து 12 கடல் மைல் அந்த நாட்டின் ஆட்சிக் கடல். ஏறக்குறைய 22 கிலோமீட்டர், தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கும் ரயில் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் காற்றும் அந்த நாட்டுக்கே உரியவை, அது பிரத்யேகப் பொருளாதார மண்டலம். சுமார் 370 கிலோமீட்டர். தாம்பரத்தில் பஸ் ஏறியவர் திருச்சியைத் தாண்டிவிடுவார். நீலாங்கரையிலோ கோவளத்திலோ நின்று கிழக்கே பார்த்தால் எதிரே குறுக்கிட ஆளில்லை, 200ஐயும் தாராளமாக நீட்டலாம். பாக் நீரிணையில் நீட்ட முடியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டு பேரும் 12 கேட்டால் கடல் போதாது! இடிக்கிற இடத்தில்தான் வழக்கு பிறக்கிறது, மாடியில் மேஜை போட வேண்டியிருக்கிறது.

1982இல் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் கையெழுத்துக்கு வைத்த கடல் சட்ட உடன்படிக்கை இப்படி இடிக்கும் இடத்துக்கு என்ன வழி சொல்கிறது? மேடவாக்கம் பொருளாதார மண்டலத்துக்கான 74ஆம் பிரிவை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். நாடுகள் உடன்பாட்டின்மூலம் 'நியாயமான தீர்வு' காண வேண்டும். அவ்வளவுதான். "கோடு எங்கேன்னு ஒரு வார்த்தை இல்லை! நியாயமாப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க!" அவளுக்கு உண்மையிலேயே கோபம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வெற்றிடத்தைத் தீர்ப்புத் தீர்ப்பாக நீதிபதிகள் நிரப்பி வந்திருக்கிறார்கள். 2009இல் கருங்கடலில் ருமேனியாவும் உக்ரைனும் மோதிய வழக்கில் அது மூன்று படியாகத் தெளிவாயிற்று. முதலில் இரண்டு கரைக்கும் சமதூரத்தில் தற்காலிகக் கோடு. அடுத்து, அதை நகர்த்த ஏதாவது காரணம் உண்டா? கடைசியில், கரை நீளத்துக்கும் கிடைத்த கடல் பரப்புக்கும் பொருத்தம் படுமோசமாக இருக்கிறதா என்று ஒரு சரிபார்ப்பு. "சமதூரம், சமாதானம், சரிபார்ப்பு" என்று பெருங்களத்தூர் இதைப் பாட்டாகவே ஆக்கி வைத்திருக்கிறான். அந்த வழக்கில் பாம்புத் தீவு என்று ஒன்று. அதைச் சுற்றி 12 கடல் மைல் இருக்கட்டும், அதற்குமேல் அது கோட்டை அசைக்காது என்றது நீதிமன்றம். ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் அவன் கையால் படமெடுத்துக் காட்டுகிறான், முட்டம் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள்.

இப்போது நடப்பதை வெளியே யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடம் மூன்று பேரையும் எழுப்பி அறையின் மூலைக்கு அனுப்புகிறார். ஒருவர் இடது சுவரில், ஒருவர் வலது சுவரில், நடுவில் பெருங்களத்தூர் முதுகை மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். ஆளுக்கொரு நூல். "சமதூரமா இழுத்துக்கிட்டே வாங்க." இரண்டு பக்க நூலும் சாய்ந்து சாய்ந்து வந்து அவன் மூக்குக்கு முன்னால் மோதிக்கொள்கின்றன. அவனுக்குக் கிடைத்த கடல் ஒரு முக்கோணத் துண்டு!

"மேடம், என்னைப் பூட்டிட்டாங்க!"

"நீதான் ஜெர்மனி. 1969, வடகடல் வழக்கு. அந்தப் பக்கம் டென்மார்க், இந்தப் பக்கம் நெதர்லாந்து. கரை உள்வாங்கி இருந்தா நடுவுல இருக்கிறவனுக்கு இதுதான் கதி. இப்ப சொல்லு, நீ பங்களாதேஷா இருந்தா என்ன கேட்பே?"

"கோட்டைத் தள்ளச் சொல்லுவேன் மேடம்!"

"எவ்வளவு?"

பங்களாதேஷ் அதைத்தான் கேட்டது. ஒருபுறம் மியான்மர், மறுபுறம் இந்தியா, நடுவில் வளைந்த கரை. மியான்மரோடு 2012இல் தீர்ப்பு வந்தது. இந்தியாவோடான வழக்கில் 2014 ஜூலை 7இல் ஹேக் நகரின் நடுவர் மன்றம் முடிவு சொன்னது. பங்களாதேஷ் நேர்தெற்காக, 180 டிகிரியில் கோடு கேட்டது. இந்தியா சமதூரம் கேட்டது. மன்றம் சமதூரத்தில் தொடங்கி, கரையின் குழிவுக்காகத் திருப்பி, 177 டிகிரி 30 நிமிடத்தில் கோட்டை விட்டது. தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் சுமார் 19,500 பங்களாதேஷுக்குப் போயிற்று. இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது, சண்டை இல்லை. மேடவாக்கம் கோணமானியை 177½இல் வைத்துக் கோடு இழுக்கும்போது அவள் விரல் நடுங்கியது. அரை டிகிரி பிசகினால் எத்தனை மீன், எத்தனை எண்ணெய் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது தீவுக் கதை. 1970 போலா புயலுக்குப் பிறகு ஹரியபங்கா முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு எழும்பியது. நமக்கு நியூ மூர், அவர்களுக்குத் தென் தல்பட்டி. 1981இல் இந்தியா அங்கே கொடி நட்டது. 2010க்குள் திட்டைக் கடல் மூழ்கடித்துவிட்டது! 2013 அக்டோபரில் நடுவர்களே அந்தப் பகுதிக்கு நேரில் வந்து பார்த்தார்கள். கடைசியில், கோட்டுக்கு அடிப்படைப் புள்ளியாக அந்த இடத்தை எடுக்க முடியாது என்றார்கள். முட்டம் அந்தப் பக்கத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, 'திட்டை நம்பாதே' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கரை நீளம் அளப்பது தனி ரகளை. முட்டம் அட்லஸில் கற்பனை நாட்டின் கரையை நூல் வைத்து அளக்கிறாள், பெருங்களத்தூர் ஸ்கேல் வைத்து அளக்கிறான். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. யாரைக் குறை சொல்வது? நம் அரசே தமிழ்நாட்டுக் கடற்கரை சுமார் 907 கிலோமீட்டர் என்று ஆண்டாண்டாகச் சொல்லி வந்து, நுணுக்கமாக மறுபடி அளந்தபோது சுமார் 1,069 என்று வந்தது. நெளிவுகளுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்து அளக்கிறோமோ அவ்வளவு நீளம். வங்கக்கடல் வழக்கில் இந்தியக் கரை 803.7, பங்களாதேஷ் கரை 418.6 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, மோசமில்லை என்று விட்டார்கள். "அவங்களும் நூல் வச்சிருப்பாங்களா?" என்று பாட்டி கதவருகே நின்று கேட்டார். பாட்டி இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

இரவு எட்டு மணி வாக்கில் முட்டத்துக்கு வீட்டிலிருந்து போன். பேசிவிட்டு வந்தவள் உட்காரவில்லை. அவள் தாத்தா கட்டுமரத்தில் போனவர். கரையில் சர்ச் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகட்டையும் ஒரே நேரில் கொண்டுவருவார். இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கு அடியில் பார் என்ற பாறைத்திட்டு இருக்கும், மீன் இருக்கும். அதைக் கணியம் என்பார்கள். அவளே ஒரு பேப்பரில் வரைந்து காட்டினாள், அந்த வீட்டில் வளர்ந்த கைக்கு ரூலர் தேவைப்படவில்லை. "தாத்தாவும் கரையிலிருந்துதான் புள்ளி எடுத்தாங்க மேடம். ஆனா அவங்க மீன் எங்கேன்னு பார்த்தாங்க. இந்த ஆறு புள்ளி போட்டவங்க யாரு மீன் பிடிக்கிறாங்கன்னு கேட்டாங்களா?"

மேடம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் போட்டார். 1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக்கடலுக்கும் அடுத்த ஒப்பந்தம், அதோடு செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். 1974 ஒப்பந்தத்தில் இரு நாட்டுப் படகுகளின் பாரம்பரிய உரிமை பற்றி ஒரு பிரிவு இருந்தது. இந்தக் கடிதங்கள் ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றன. குமரிமுனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க், முட்டத்துக்காரர்களின் பெரிய மீன்களம், இந்தியாவுக்கு என்று உறுதியாயிற்று. அங்கே மீன்பிடித்துவந்த இலங்கைக் கப்பல்களில் ஆறுக்கு மட்டும் மூன்றாண்டு அவகாசம். குமரிக்கு லாபம், ராமேஸ்வரத்துக்கு வலி, ஒரே நாள் கடிதத்தில். நான் அந்தப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலை போடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டிய பக்கங்கள் அவை.

"மீனுக்காகக் கோடு நகர்ந்ததே இல்லையா மேடம்?"

"ஒரு தடவை நகர்ந்தது. நீயே தேடு."

ஒன்பதரைக்குக் கூச்சல்! கண்டுபிடித்துவிட்டாள். 1993, ஜான் மாயன். ஒரு பக்கம் டென்மார்க்கின் கிரீன்லாந்து, எதிரே நார்வேயின் ஜான் மாயன் தீவு. நடுவில் கேப்லின் என்ற சின்ன மீனின் கூட்டம். நடுக்கோடு போட்டால் அந்த மீன் டென்மார்க்குக்குச் சரியாக எட்டாது என்று சர்வதேச நீதிமன்றம் அந்தப் பகுதியில் கோட்டை நகர்த்திக் கொடுத்தது. "கேப்லின்னா நம்ம நெத்திலி மாதிரியா?" என்று மேடவாக்கம். "இருக்கட்டும்டி, நெத்திலி கோட்டை நகர்த்திடுச்சுல்ல!" மூன்று பேரும் குதித்ததில் ஒரு டம்ளர் கவிழ்ந்தது. பாட்டி ஓடி வந்து முந்தானையால் இலங்கையைத் துடைத்தார்.

மறுநாள். வண்டலூர்க் கல்லூரி வராந்தா, காலை ஒன்பது மணி, மார்கழியாக இருந்தாலும் கறுப்புக் கோட்டுக்குள் வேர்க்கிறது. பெருங்களத்தூரின் கழுத்து பேண்ட் எலாஸ்டிக் அறுந்துவிட்டது. மேடம் தன் கைப்பையிலிருந்து ஊக்கு எடுத்துப் பின்னால் குத்தினார், "திரும்பாதே, நேராவே நில்லு". மேடவாக்கம் சுவரைப் பார்த்து, "மாண்புமிகு நீதிபதிகளே" என்று ஐந்து விதமாகச் சொல்லிப் பார்க்கிறாள். முட்டம் கேஸ் பெயர்களைச் சின்னச் சின்னத் துண்டுச்சீட்டில் எழுதி விரலிடுக்கில் சொருகி வைத்திருக்கிறாள். இந்தப் போட்டியில் ஆராய்ச்சியாளர் வாய் திறக்கக் கூடாது. சீட்டுத்தான் அவள் குரல்.

உள்ளே மூன்று நீதிபதிகள். பெருங்களத்தூர் சமதூரத்தை அழகாக நிறுத்திவிட்டான். பாம்புத் தீவு வந்தபோது கை தானாகப் படமெடுக்கப் போனது, பாதியில் அடக்கிக்கொண்டான். அடுத்து மேடவாக்கம். நடுவில் இருந்த நீதிபதி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "உங்கள் நாட்டு மீனவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வறுமைக்கும் வடிவியலுக்கும் என்ன சம்பந்தம்?"

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நேரம் காட்டும் பெண் '5 நிமிடம்' அட்டையைத் தூக்கினாள். மேஜைக்குக் கீழே ஒரு சீட்டு நகர்ந்து வந்தது. மேடவாக்கம் அதைப் பார்த்தாள், மூச்சு விட்டாள். "ஜான் மாயன், மாண்புமிகு நீதிபதியே, 1993. கோட்டை நகர்த்தியது அங்கே மீன்தான்." நீதிபதி பேனாவைத் திறந்து ஏதோ குறித்தார்! நான் பின்வரிசையில் என் முழங்காலை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றி, தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவி, சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தார்கள். கொண்டாட அரைமணிதான் நேரம். இந்தப் போட்டியில் ஒவ்வொரு அணியும் இரண்டு பக்கமும் வாதாட வேண்டும். காலையில் வாதி நாடு, மதியம் பிரதிவாதி நாடு. தீவு இருக்கட்டும் என்றவர்கள் தீவு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மீன் கோட்டை நகர்த்தும் என்று ஜெயித்தவர்கள் இரண்டு மணிக்கு மீனால் கோடு நகராது என்று நிரூபிக்க வேண்டும்.

முட்டம் ஊறுகாயைத் தொட்டபடி கேட்டாள்: "மேடம், இப்ப மீனை எப்படித் தோற்கடிக்கிறது?"

"மெய்ன் வளைகுடா, 1984. அமெரிக்காவும் கனடாவும். இவ்வளவு நாளா இங்கேதான் மீன் பிடிச்சோம்னு ரெண்டு பேரும் சொன்னாங்க, பிழைப்பே அழிஞ்சுபோகிற நிலைமை வந்தாத்தான் பார்ப்போம்னு கோர்ட் சொல்லிடுச்சு. எழுபது பக்கத்துக்கு மேல இருக்கு. சாப்பிட்டுக்கிட்டே படி, அப்பளத்தை இந்தப் பக்கம் தள்ளு."